கொடுத்தலும் விடுதலும்: ‘கிவ் அப்’ ஒரு பக்கம், ‘விட்டுக்கொடு’ மறுபக்கம்

ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்க்கும்போது நான்கே சொல் கொண்ட ஒரு வாக்கியத்தின் முன்னால் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். ‘ஷி கேவ் ஹிம் அப்.’ பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் ஆங்கிலம். தமிழில் எழுதப் போனபோது கை நின்றது. காதலித்தவனை வேண்டாம் என்று விட்டுவிட்டாளா? தன்னை நம்பி இருந்தவனைக் கைவிட்டாளா? இன்னொருத்திக்காக விட்டுக்கொடுத்தாளா? பெற்ற பிள்ளையைத் தத்துக்கொடுத்தாளா? போலீசிடம் காட்டிக்கொடுத்தாளா? இனிப் பிழைக்கமாட்டான் என்று நம்பிக்கையை விட்டாளா? அந்த வாக்கியம் இத்தனைக்கும் இடம் தருகிறது. கதாசிரியர் வேண்டுமென்றேதான் அதை அப்படித் திறந்து வைத்திருந்தார். விடை மூன்று பக்கம் தள்ளி வருகிறது. தமிழில் நான் எந்தச் சொல்லை வைத்தாலும் அது அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

அந்த மாலையிலிருந்துதான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். ஒன்று ஆங்கிலத்தில் தினமும் நூறு முறை காதில் விழும் ‘கிவ் அப்’. மற்றொன்று அதற்குப் பதிலாக நாம் பெரும்பாலும் கைநீட்டும் ‘விட்டுக்கொடு’. இரண்டும் இரண்டு சிறு துண்டுகள் சேர்ந்து ஒட்டியவை. இரண்டிலும் கொடுத்தல் இருக்கிறது. ஆனால் ஒன்றில் வாங்குபவர் காணாமல் போய்விட்டார், மற்றொன்றில் அவர் இன்னும் கையை நீட்டியபடி நிற்கிறார். என் கண்ணில் பட்ட முக்கியமான வேறுபாடு இதுதான்.

முதலில் ஆங்கிலப் பக்கம். ‘கிவ்’ என்று இன்று சொல்லும் சொல்லின் முதல் எழுத்தே ஒரு படையெடுப்பின் அடையாளம். பழைய ஆங்கிலத்தில் அது யகர ஒலியில் தொடங்கியது. பதினான்காம் நூற்றாண்டு லண்டன் கவிஞர் சாசரும் ‘யிவ்’ என்ற சாயலில்தான் எழுதினார். வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர் ‘கெஃபா’ என்று ககரத்தில் சொன்னார்கள். நூற்றாண்டுகள் கழித்து ககரம் வென்றது. முட்டைக்கு நேர்ந்ததும் இதேதான். இங்கிலாந்தில் அச்சுக்கலையைத் தொடங்கிவைத்த காக்ஸ்டன் 1490-ல் ஒரு முன்னுரையில் இதைக் கதையாகவே சொல்கிறார். காற்றில்லாமல் கப்பல் நின்றுபோக, வணிகர் ஒருவர் கென்ட் கரையில் இறங்கி ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ கேட்கிறார். வீட்டுக்காரி தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறாள். கேட்டவருக்கும் பிரெஞ்சு தெரியாது, கோபம் வருகிறது. இன்னொருவர் ‘எய்ரன்’ என்று கேட்டபிறகுதான் அவளுக்குப் புரிகிறது. ஒரே நாட்டில் முட்டைக்கு இரண்டு சொல், கொடுப்பதற்கும் இரண்டு ஒலி.

‘கிவ்’வோடு ‘அப்’ சேர்ந்து எழுத்தில் பதிவான மிகப் பழைய இடங்களில் ஒன்று பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் எழுதிவந்த ஆண்டுக்குறிப்பு. அதில் 1132-ஆம் ஆண்டுக்கான பதிவு ஒரு மடாதிபதியின் வீழ்ச்சியைச் சொல்கிறது. அவர் பெயர் ஹென்றி, பிரான்சிலிருந்து வந்தவர். அங்கே ஏற்கெனவே ஒரு மடம் அவர் கையில் இருந்தது. அது போதாமல் 1127-ல் முதலாம் ஹென்றி மன்னரிடமிருந்து பீட்டர்பரோவையும் பெற்றுக்கொண்டார். துறவிகளுக்கு அவரை அறவே பிடிக்கவில்லை. தேன்கூட்டில் உழைக்காமல் உண்ணும் ஆண் தேனீயோடு அவரை ஒப்பிட்டு எழுதினார்கள். அவர் வந்து சேர்ந்த நாட்களில் இரவு நேரத்தில் கரிய குதிரைகளில் கரிய வேட்டைக்காரர்கள், கரிய நாய்களோடு மடத்துக் காட்டில் திரிந்ததைப் பலர் கண்டதாகவும் குறித்து வைத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, அவர் மடத்தைப் பிரான்சின் க்ளூனி மடத்துக்குக் கீழ்ப்படுத்தப் பார்க்கிறார் என்பது மன்னரின் காதுக்குப் போனது. மன்னர் அவரை மடத்தலைமையை ‘கியுவன் அப்’ செய்யவைத்து நாட்டைவிட்டே வெளியேற்றினார்.

இந்தப் பதிவில் நான் நெடுநேரம் தங்கக் காரணம் உண்டு. இங்கே ‘கிவ் அப்’ என்றால் மனம் சோர்ந்து நிறுத்துவதல்ல. கையில் இருந்ததைத் திருப்பி ஒப்படைப்பது. ஒப்படைக்க ஓர் ஆள் எதிரில் இருக்கிறார், அதுவும் மேலே இருக்கிறார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் நிலமும் பதவியும் மேலே உள்ள ஒருவரிடமிருந்து பெற்றவை. விட்டால் அவரிடமே திரும்பிப் போகும். ‘அப்’ என்பதை ‘மேலே’ என்று அப்படியே படித்தாலும் அந்த வாக்கியம் பொருள் கெடாமல் நிற்கும். அடுத்த நூற்றாண்டுகளில் கோட்டைகளும் நகரங்களும் இப்படித்தான் கொடுக்கப்பட்டன.

அதற்கு முந்தைய ஆங்கிலம் இந்த வேலையைச் சொல்லின் தலையில் ஒட்டு வைத்துச் செய்தது. ‘கொடு’வுக்கு முன்னால் ‘ஆஃப்’ போன்ற ஓர் ஒட்டு வந்தால் ‘விட்டுவிடு’ என்று பொருள். அந்த ஒட்டுகள் தேய்ந்துபோயின. தப்பிப் பிழைத்த ஒன்று ‘ஃபர்கிவ்’, அதாவது மன்னித்தல். ஒட்டு போன இடத்தை நிரப்ப வினைக்குப் பின்னால் சிறுசொல் வந்து நின்றது. ஜெர்மனில் ‘அவுஃப்கேபன்’, டச்சில் ‘ஓப்கேவன்’, சுவீடிஷில் ‘யே உப்’ என்று உறவுக்கார மொழிகள் எல்லாவற்றிலும் ‘மேலே கொடு’ உண்டு. நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066-க்குப் பின் பிரெஞ்சு ஆட்சிமொழியானதன் விளைவாக வந்து சேர்ந்த ‘சரண்டர்’ என்ற சொல்லைப் பிரித்தாலும் ‘மேல்’, ‘திருப்பிக் கொடு’ என்ற அதே இரண்டு துண்டுகள்தான். ஒன்று நீதிமன்றத்துக்கும் போர்க்களத்துக்கும் போனது, மற்றொன்று அடுப்படியில் தங்கியது. சாமுவேல் ஜான்சன் 1755-ல் தம் அகராதியின் முன்னுரையில், இப்படி வினையோடு சிறுசொல் சேர்வதுதான் அயல்நாட்டாரை மிகவும் திணறடிக்கும் என்று சொன்னார். இவ்வகை வினைக்கு இன்று எல்லோரும் சொல்லும் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூல் வழியாகப் பரவியது. பெயரைத் தந்தவர் அகராதியியலாளர் ஹென்றி பிராட்லி என்று ஸ்மித்தே குறிப்பிட்டிருக்கிறார்.

சரி, அந்த ‘அப்’ இன்று என்ன செய்கிறது? ‘ஈட் அப்’, ‘டிரிங்க் அப்’, ‘யூஸ் அப்’. இவற்றில் மேலே எதுவும் போகவில்லை. மிச்சமில்லாமல் முடிகிறது, அவ்வளவே. இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: சாப்பிட்டுவிடு, குடித்துவிடு, தீர்த்துவிடு. ‘அப்’ செய்யும் வேலையை நம்மிடம் ‘விடு’ செய்கிறது. திசையைக் காட்டிய சொல் திசையை இழந்ததுபோலவே, கையிலிருந்து நழுவவிடுதலைச் சொன்ன வினையும் தன் எடையை இழந்து, ‘முடிந்தது’ என்று மட்டும் சொல்லும் துணைவினையாகிவிட்டது. பேச்சில் அது இன்னும் தேய்ந்து வெறும் டகரமாக நிற்கிறது: வந்துட்டான், போயிட்டான், முடிச்சிடு. ‘சிகரெட்டை விட்டுட்டேன்’ என்பவர் வாயில் முதல் ‘விடு’ முழு வினை, இரண்டாவது அதன் நிழல்.

அப்படியானால் ‘கிவ் அப்’பை உறுப்புக்கு உறுப்பு தமிழாக்கினால் வருவது ‘விட்டுக்கொடு’ அல்ல, ‘கொடுத்துவிடு’. அதன் பொருளோ வேறு. ‘சாவியைக் கொடுத்துவிடு’ என்றால் ஒப்படை. ‘அம்மா முறுக்கு கொடுத்துவிட்டாள்’ என்றால் ஒருவர் மூலம் அனுப்பினாள். துண்டுகளை முன்பின்னாக மாற்றி ‘விட்டுக்கொடு’ என்றால்தான் உரிமையைத் துறக்கும் பொருள் வருகிறது. சொல் வரிசை புரண்டால் பொருளும் புரள்கிறது.

இந்த இடத்தில் இரு மொழிகளும் பிரியும் தடம் தெரிகிறது. ஆங்கிலம் வினைக்குப் பின்னால் திசைகளை வைக்கிறது: மேல், கீழ், உள், வெளி, அப்பால். தமிழ் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை வைக்கிறது: விடு, கொள், கொடு, போடு, தொலை. இந்த வினைகள் செயல் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வதில்லை. யாருக்காக, என்ன மனநிலையில் என்று சொல்கின்றன. ‘எழுதிக்கொள்’ என்றால் உனக்காக, ‘எழுதிக்கொடு’ என்றால் பிறருக்காக, ‘எழுதித் தொலை’ என்றால் சலிப்பு. இ. அண்ணாமலையும் ஹெரால்ட் ஷிஃப்மனும் தமிழ்த் துணைவினைகளை ஆழ்ந்து ஆராய்ந்தவர்கள். செயல் முடிந்ததா இல்லையா என்பதோடு பேசுபவரின் மனப்போக்கையும் இவை ஏந்தி வருகின்றன என்பது அந்த ஆய்வுகளைப் படித்தால் விளங்கும். ‘விட்டுக்கொடு’வில் இருக்கும் ‘கொடு’ இப்படிப் ‘பிறருக்காக’ என்று சுட்டும் கொடு. வாங்குபவர் இல்லாமல் அந்தச் சொல் நிற்காது.

கொடுக்கும் இடத்தில் எதிரில் யார் நிற்கிறார் என்று பார்ப்பது தமிழுக்குப் பழைய வழக்கம். ஈ, தா, கொடு மூன்றும் இரந்து கேட்கும் சொற்கள் என்று சொல்லும் தொல்காப்பியம், ‘ஈ’ என்று கேட்பவர் தாழ்ந்தவர், ‘தா’ என்பவர் ஒத்தவர், ‘கொடு’ என்பவர் உயர்ந்தவர் என்று பிரிக்கிறது. இன்னோரிடத்தில் ‘தா’வைத் தன்மைக்கும் முன்னிலைக்கும், ‘கொடு’வைப் படர்க்கைக்கும் உரியதாக வைக்கிறது. ஒரு பொருள் கைமாறும்போது இருவரின் உயரமும் தொலைவும் வினைச்சொல்லிலேயே பதிந்துவிடுகின்றன. ஆங்கிலத்து ‘கிவ்’வுக்கு இந்தக் கவலை இல்லை.

‘விடு’வின் குடும்பமும் பெரியது. விடை, விடுப்பு, விடுதலை, விடுதி, விடுகதை எல்லாம் அதன் பிள்ளைகள். முதல் நீண்டால் ‘வீடு’. நாம் குடியிருப்பதும் வீடு, அறம் பொருள் இன்பத்துக்கு அப்பால் பற்றெல்லாம் அற்ற நிலையும் வீடு. ஆங்கிலம் ‘கொடு’ என்னும் இடங்களில் நாம் ‘விடு’ என்பதும் நிறைய. அவர்கள் பெருமூச்சைக் கொடுக்கிறார்கள், நாம் பெருமூச்சு விடுகிறோம். சாலையில் அவர்கள் பலகை ‘வழி கொடு’ என்கிறது, நாம் வழிவிடுகிறோம். அமெரிக்காவில் அதே பலகையில் இருக்கும் ‘யீல்ட்’ என்ற சொல் ஒரு காலத்தில் ‘பணம் செலுத்து’ என்று பொருள்பட்டது. ஆங்கிலத்தின் கை எப்போதும் எதையோ எடுத்து நீட்டுகிறது, நம் கை விரல்களைத் தளர்த்துகிறது.

நீட்டிய கை ஆங்கிலத்தில் எப்படி வெறுமையை நோக்கித் திரும்பியது என்பதுதான் எனக்கு வியப்பு. 1132-ல் மடம் மன்னருக்குப் போனது. இன்று ஒருவர் நம்பிக்கையை ‘கிவ் அப்’ செய்தால் அது யாருக்குப் போகிறது? புகைப்பதை விட்டால் யார் வாங்கிக்கொண்டார்கள்? விடுகதைக்கு விடை தெரியாத ஆங்கிலச் சிறுவன் ‘ஐ கிவ் அப்’ என்கிறான். எதைக் கொடுத்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. செயப்படுபொருளும் உதிர்ந்துவிட்டது. நம் பிள்ளைகள் அதே இடத்தில் ‘தோத்துட்டேன், நீயே சொல்லு’ என்கிறார்கள்.

வாங்குபவர் இன்னும் மங்கலாகத் தெரியும் ஓர் இடம் லெந்து காலம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளில் எதை ‘கிவ் அப்’ செய்கிறீர்கள் என்பது ஆங்கிலம் பேசும் கிறிஸ்தவர்களிடையே சாதாரணக் கேள்வி. சாக்லேட், மது, இறைச்சி என்று பதில் வரும். இதற்கு நேர் இணையான கேள்வி நம்மிடமும் உண்டு: காசிக்குப் போனீர்களே, எதை விட்டீர்கள்? காசி, கயை யாத்திரை போனவர்கள் ஒரு காய், ஒரு பழம் என்று பிடித்ததை விட்டுவிட்டு வருவார்கள். எங்கள் வீட்டில் என் பாட்டி கத்தரிக்காயை விட்டிருந்தாள். கடைசிவரை தொடவில்லை. லெந்து முடிந்ததும் சாக்லேட் திரும்பும், காசியில் விட்டது திரும்பாது. பாட்டி ‘விட்டேன்’ என்றுதான் சொல்வாள், ஒருநாளும் ‘கொடுத்தேன்’ என்று சொன்னதில்லை.

மரணத்தைச் சொல்லும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. 1611-ல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் சிலுவைக் காட்சியில் மாற்கு, லூக்கா, யோவான் மூவரிடமும் ‘கிவ் அப்’தான் வருகிறது. ஆனால் மூலமான கிரேக்கத்தில் சொற்கள் வேறு. மாற்கும் லூக்காவும் மூச்சை வெளிவிட்டதைச் சொல்கிறார்கள். யோவான் மட்டும் ஒப்படைத்ததைச் சொல்கிறார். பழைய தமிழ் விவிலியம் மாற்கிலும் லூக்காவிலும் ஜீவனை ‘விடு’ என்றும், யோவானில் ஆவியை ‘ஒப்புக்கொடு’ என்றும் பிரித்து எழுதியிருக்கிறது. தானாகப் பிரிந்த உயிருக்கும் ஒப்படைத்த உயிருக்கும் இடையே உள்ள தூரத்தைத் தமிழ் காப்பாற்றியிருக்கிறது. மொழிபெயர்ப்பு வேலை செய்பவன் என்ற முறையில் அந்தக் கைகளை நான் வணங்குகிறேன்.

இனி ‘விட்டுக்கொடு’வின் இரட்டை முகம். ‘தம்பிக்கு விட்டுக்கொடு’ என்றால் அது குணம். விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்று ஆட்டோ முதுகிலும் கல்யாண மண்டபச் சுவரிலும் எழுதிவைக்கிறோம். அதே சொல் ‘அவள் பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்காமல் பேசுவாள்’ என்னும்போது மறுபக்கம் திரும்பிவிடுகிறது. நாலு பேர் முன்னால் தன்னைச் சேர்ந்தவர்களைத் தாழ்த்த இடம் தருவதுதான் இங்கே விட்டுக்கொடுத்தல். அதைச் செய்தால் துரோகம். தன் உரிமையை விட்டுக்கொடுத்தால் பெருமை, தன் ஆளை விட்டுக்கொடுத்தால் சிறுமை. ‘கிவ் அப்’பில் இந்தப் பிரிவு இல்லை. நல்லதா கெட்டதா என்பதை அது சுற்றியுள்ள சொற்களிடம் விட்டுவிடுகிறது.

இந்தச் சொல்லை எல்லோரிடமும் சமமாகச் சொல்வதில்லை என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். வீட்டில் மூத்த பிள்ளையிடமும், பெண் பிள்ளையிடமும், புது மருமகளிடமும் போகும் சொல் இது. சொத்துப் பிரிக்கும்போது தங்கையைப் பார்த்து ‘அண்ணனுக்கு விட்டுக்கொடும்மா’ என்று சொன்ன பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லின் உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்த வாங்குபவர்தான் அவளைக் கட்டிப்போடுகிறார். மறுத்தால் அவள் வைத்துக்கொண்டவள் ஆகமாட்டாள், கொடுக்காதவள் ஆகிவிடுவாள். ஆங்கிலச் சொல்லுக்கு இந்தப் பலம் கிடையாது.

நம் பிள்ளைகள் இன்று இரண்டு சொல்லையும் ஒரே நாளில் கேட்கிறார்கள். பள்ளிச் சுவரில் ‘நெவர் கிவ் அப்’, வீட்டுக்கு வந்தால் ‘விட்டுக்கொடுத்துப் போ’. இரண்டும் மோதுவதுபோல் தோன்றும். மோதவில்லை. சுவரில் இருப்பது முயற்சியைப் பற்றியது, அதற்குத் தமிழ் ‘கைவிடாதே’. அந்தச் சுவர் வாசகத்தைப் பலர் சர்ச்சில் தலையில் கட்டுகிறார்கள். 1941 அக்டோபர் 29 அன்று ஹாரோ பள்ளி மாணவர்களிடம் அவர் வலியுறுத்தியது ‘கிவ் இன்’ செய்யாதீர்கள் என்பது. வெளியிலிருந்து அழுத்துபவனுக்குப் பணிந்துபோவதுதான் ‘கிவ் இன்’. உள்ளே தானாகத் தளர்வது ‘கிவ் அப்’. போர் நடந்த ஆண்டில் எதிரி வெளியில் இருந்தான். அமைதிக்கால மேற்கோள் அதைச் சோர்வுக்கு மருந்தாக மாற்றிவிட்டது.

இரு சொல்லும் நேருக்கு நேர் சந்தித்த ஒரு தருணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2015 மார்ச்சில் வசதியுள்ளவர்கள் சமையல் எரிவாயு மானியத்தைத் துறக்கவேண்டும் என்று ஒன்றிய அரசு தொடங்கிய இயக்கத்தின் பெயர் ‘கிவ் இட் அப்’. ‘இட்’ நடுவில்தான் வரவேண்டும். ‘கிவ் அப் இட்’ என்று ஆங்கிலக் காது ஏற்காது. வினையைப் பிளந்து பொருளை இடுக்கில் செருகும் இந்த வசதி தமிழுக்கு இல்லை. ‘கொஞ்சம் விட்டுத்தான் கொடேன்’ என்று ஓர் இடைச்சொல்லை நுழைக்கலாம், மானியத்தை நுழைக்க முடியாது. தமிழ் நாளிதழ்கள் இதைப் பெரும்பாலும் ‘மானியத்தை விட்டுக்கொடுத்தல்’ என்று எழுதின. ‘விட்டுவிடுங்கள்’ என்றோ ‘கைவிடுங்கள்’ என்றோ எழுதியிருந்தால் பொருள் தெரிந்திருக்கும், ஈரம் இருந்திருக்காது. சுமார் ஓராண்டில் ஒரு கோடிப் பேருக்கு மேல் விட்டுக்கொடுத்ததாக அரசு அறிவித்தது. அடுத்து 2016 மே 1 அன்று ஏழைக் குடும்பப் பெண்களுக்கு எரிவாயு இணைப்புத் தரும் உஜ்வலா திட்டம் பல்லியாவில் தொடங்கியது. ஆங்கிலப் பெயரில் இல்லாத வாங்குபவர், தமிழ்த் தலைப்பில் ஓராண்டு முன்னதாகவே வந்து நின்றிருந்தார்.

என் சிறுகதைக்குத் திரும்புகிறேன். மூன்று பக்கம் தள்ளித் தெரியவருவது இது: அவன் அவள் தம்பி. ஒளிந்திருந்த இடத்தைப் போலீசுக்குச் சொன்னவள் அவள். வெளியே இருந்தால் அவனைத் தேடுகிறவர்கள் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து சொல்கிறாள். தமிழ்க் கணக்கில், விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காகவே காட்டிக்கொடுத்தவள். இந்த இரண்டையும் ஒரே வினையில் அடைக்க ஆங்கிலத்தால் முடிந்தது.

பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் எழுதி அடித்தேன். கடைசியில், பொருள் வேறு என்று முன்பு ஒதுக்கிய அந்த உறுப்புக்கு உறுப்பான சொல்லையே வைத்தேன்: ‘அவனைக் கொடுத்துவிட்டாள்.’ கொஞ்சம் முரடாகத்தான் ஒலிக்கிறது. ஆளைப் போய்க் கொடுப்பார்களா, யாருக்குக் கொடுத்தாள் என்று படிப்பவர் கேட்பார். கேட்டுக்கொண்டே மூன்று பக்கம் வருவார்.